எங்கள் சட்டையைப் போட்ட கிருமி

ஆய்வுகூடத்தில் கிடந்து உழல்பவர்களே, உங்களுக்குத் தெரியும்: நோயாளியை நாம் ஒரு நிமிடம்தான் பார்க்கிறோம், அவர் தொண்டைக்குள் இருந்ததை மறுநாளும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சிவப்பு போன இடம்

மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் செல்வமணி, காய்ச்சலும் தொண்டைவலியுமாக மகள் தர்ஷினியைப் பதுளையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்திருந்தார். பிள்ளையின் தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் தொட்டு, கிருமி வளர்க்கும், இரத்தம் கலந்த தட்டில் தடவி வைத்தேன். மறுநாள் காலை திறந்தால் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி இரத்தம் கரைந்து கண்ணாடியாகியிருந்தது. தட்டின் அடியில் நான் எழுதிய அவள் பெயர் அந்த வட்டங்களுக்குள்ளே தெரிந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். என்னோடு வேலை பார்க்கும் பரீத் நானா தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிதான். சத்தமில்லாம இரத்தத்தச் சாப்பிட்டிருக்கு தம்பி.”

திருப்பிப் பிடித்த கை

கிருமியைப் பிடிக்க நம் உடம்பு சுரக்கும் பிறபொருளெதிரிகள் இதைப் பிடிக்காதா என்று, பிள்ளையைப் பார்த்த யாழ்ப்பாணத்து டொக்டரம்மாவிடம் கேட்டேன். துண்டுத்தாளில் கவட்டைக்கம்பு மாதிரி ஒன்று வரைந்தார். கைகள் இரண்டும் கிருமியைப் பிடிக்க. வால், கிருமியைத் தின்னும் வெள்ளை அணுக்களைக் கூப்பிட. இந்தக் கிருமியோ வாலைப் பிடித்துத் தன்மேல் குத்திக்கொள்கிறதாம். கைகள் வெளியே சும்மா தொங்குமாம். தின்ன வரும் அணுக்கள், நம்முடையதுதானே என்று தாண்டிப் போய்விடுமாம்.

“எங்கட சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கட வீட்டுக்குள்ளயே நிக்குது.”

முதல் கூப்பாடு

சில நாள் கழித்து மாமனாரின் இரத்தச் சீனி ரிப்போட்டுக்காகச் செல்வமணி வந்தார். பிள்ளை ஓடியாடுகிறாள், டொக்டரம்மா கொடுத்ததில் மிச்ச மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். தொண்டை ஆறினாலும் கிருமி உள்ளே இருக்கலாம், பின்னால் இதயத்தையே கெடுக்கலாம் என்றேன். சட்டைக் கதையையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. எங்கள் தோட்டத்து லய வீடுகளில் இருட்டியபின் தெரிந்த குரலில் யாராவது வெளியே நின்று கூப்பிட்டால், மூன்றாம் தரம்வரை பதில் கொடுக்கமாட்டோம். பேய் ஒரு தரம்தான் கூப்பிடும் என்று சொல்லித்தான் என் தாத்தாவும் என்னை வளர்த்தார். செல்வமணி ரிப்போட்டை மடித்தபடி மெதுவாகக் கேட்டார்.

“அப்ப எம்புள்ள ஒடம்பு மொதக் கூப்பாட்டுக்கே கதவத் தொறந்துருச்சுங்களா?”

மறுபடி ஒரு தட்டு

அடுத்த நாளே மகளோடு வந்துவிட்டார். டொக்டரம்மா பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். இதயத்தில் குறையில்லை, மாத்திரை மட்டும் முதலிலிருந்து. அது முடிந்தபின் திரும்பத் தொண்டையைத் தொட்டுத் தடவிய தட்டில் சாதாரணப் புள்ளிகள்தான், சிவப்பு எங்கும் கரையவில்லை. தர்ஷினியிடம் காட்டினேன். அதற்குள் தன் பெயரைத் தேடினாள், தெரியவில்லை.

“அண்ணே, அது போயிருச்சா, இல்ல வேற சட்ட மாத்திக்கிச்சா?”

அன்றிலிருந்து கவுண்டரில் யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தரத்துக்குக் காத்திருக்கிறேன், சோம்பேறி என்று பெயரெடுத்ததுதான் மிச்சம்.