நேர்க்கோட்டுத் தக்காளி

பட்டாளத்திலிருந்து அண்ணன் ஓய்வுபெற்று வந்த அன்று, சின்னவர்தான் ரயில் நிலையத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டி கனம், மனசு லேசு. வயிற்றெரிச்சல் பிறகுதான் தொடங்கியது. அது தொடங்கிய நாள்கூட அவருக்கு நினைவிருக்கிறது: விவசாய அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்து போன செவ்வாய்க்கிழமை.

அந்த அலுவலகம் சின்னவருக்குப் புதிதல்ல. சொட்டுநீர்க் குழாய்க்காக நாலு வருஷம் நடையாய் நடந்தவர். முதல் சன்னலில் கேட்டால் மூன்றாம் சன்னல் என்பார்கள். மூன்றாம் சன்னலில் கேட்டால் சாப்பாட்டு நேரம் என்பார்கள். அன்று அண்ணன் தன் ஓய்வுச் சான்றை நீட்டியதும் உள்ளேயிருந்து ஒரு அதிகாரி அம்மா எழுந்தே வந்துவிட்டார்.

"முன்னாள் வீரரா? உட்காருங்க சார்."

நாற்காலி வந்தது. ஒரே ஒரு நாற்காலி. சின்னவர் சுவரில் ஒட்டியிருந்த பூச்சிப் படத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றார். எட்டுப் பூச்சிகளும் மனப்பாடம் ஆகிவிட்டன. அவற்றில் ஏழு, ஏற்கெனவே அவர் வயலில் குடியிருந்தவை.

முன்னாள் வீரர்கள் விவசாயம் தொடங்க ஒரு திட்டம் இருந்தது. மூன்று மாதப் பயிற்சி, நாற்று, சொட்டுநீர்க் குழாய், மாதம் ஒருமுறை வந்து பார்க்க ஓர் ஆலோசகர். முதல் பயிர் ஒழுங்காக நின்றால் பசுமைக்குடிலும் கிடைக்கும்.

அண்ணன் பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனபோது சின்னவர் பத்தாம் வகுப்பு. அந்த வருஷம்தான் அப்பா கிணற்றுப் படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்த சின்னவர், இருபத்திரண்டு வருஷமாக அதைக் கீழே வைக்கவில்லை. அண்ணன் விடுப்பில் வந்தால் தெருவே வாசலுக்கு வரும். சின்னவர் தினமும்தான் வயலிலிருந்து வீடு திரும்பினார். நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்காது.

"பெரியவர் குண்டு பாயுற இடத்துல நின்னவருங்க," என்றாள் மனைவி.

"நான் மட்டும் என்ன, நிழல்லயா நின்னேன்?"

"உங்களை யாரு சுட்டா?"

"வெயில் சுட்டுச்சு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

நிலத்தைப் பிரித்தபோது அண்ணன் மேட்டுச் சரிவை எடுத்துக்கொண்டு, கீழே இருந்த சமநிலத்தைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையும் சின்னவருக்கு முள்ளாகக் குத்தியது. திட்டக் கூடச் சரியாக ஒரு காரணம் கிடைக்கவில்லையே.

காரணம் தக்காளி நட்ட அன்று கிடைத்தது. அண்ணன் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, சரிவின் உச்சியிலிருந்து அடிவரை நேராக வரிசை போட்டிருந்தார். ஒரு செடி இம்மி விலகவில்லை. அணிவகுப்பு மாதிரி நின்றன. பயிற்சி நடந்த நிலம் சமதளம். சரிவில் வரிசையைக் குறுக்கே போட வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை போலும்.

"எப்படிடா இருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

சின்னவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரே மழை போதும். மேல்மண் செடியோடு உருண்டு கீழே வரும். கீழே இருப்பது தன் வயல். மண்ணும் தனக்கே.

"ரொம்ப நேரா இருக்குண்ணே," என்றார்.

ஐந்து வாரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். செடிகள் பூத்தன. ஆலோசகர் விடுப்பில் இருந்ததால், நாற்காலி போட்ட அதே அதிகாரி அம்மா படம் எடுக்க வந்தார். சின்னவர் மண்வெட்டியோடு ஓரமாக நின்றார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

"இப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்ததே இல்ல சார். இந்தப் படத்தை ஆபீஸ் சுவத்துல மாட்டப் போறோம்."

பூச்சிப் படத்துக்குப் பக்கத்தில் அண்ணன். சின்னவரால் தாங்க முடியவில்லை.

"சீக்கிரம் மாட்டுங்கம்மா. இன்னைக்கு மழை வந்தா வரிசை இருக்காது. படம்தான் இருக்கும்."

"என்னடா சொல்றே?"

"சரிவுல மேலேருந்து கீழே கோடு போட்டா, தண்ணிக்கு ரோடு போட்டுக் குடுத்த மாதிரிண்ணே."

அண்ணன் செடிகளைப் பார்த்தார், பிறகு வானத்தை, பிறகு தம்பியை. "நட்ட அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நேரா இருக்குன்னு சொன்னியே."

"நேராத்தானே இருந்துச்சு."

அடி விழும் என்றுதான் சின்னவர் நினைத்தார். அண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். "என்ன செய்யணும்? நீ சொல்லு, நான் செய்யறேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் சின்னவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. உச்சியில் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னார். வரிசைகளுக்கு நடுவே பத்தடிக்கு ஒரு குறுக்கு வரப்பு போடவைத்தார். அதிகாரி அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு வைக்கோல் சுமந்து வந்து வரப்போரம் பரப்பினார். கடைசி வரப்பை மிதித்து இறுக்கும்போது முதல் துளி விழுந்தது.

மழையில் இரண்டு வரிசை போயிற்று. மற்றவை நின்றன.

மறுநாள் இருவரும் சேற்றில் சாய்ந்த செடிகளை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் எதையாவது சொல்லாம வச்சிருக்கியாடா?"

"இருக்கு."

"என்ன?"

"அன்னைக்கு ஆபீஸ்ல எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கலாம் நீங்க."

அண்ணன் கையிலிருந்த செடியை நிமிர்த்தி வேரில் மண் அணைத்தார். "நீ நின்னுட்டிருந்ததை நான் திரும்பிக்கூடப் பாக்கலைடா," என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. மறுவாரம் அண்ணன், தம்பியின் குழாய் மனுவை எடுத்துக்கொண்டு தாமே மூன்றாம் சன்னலுக்குப் போனார். சாப்பாட்டு நேரம் என்றார்கள். சின்னவருக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.

படம் சுவரில் ஏறியது. அதில் அண்ணன் முழுசாக நிற்கிறார். மண்வெட்டி பிடித்த சின்னவர் கையின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது.

பசுமைக்குடிலின் கம்பிகள் வந்து இறங்கிய அன்று சின்னவருக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. எரிச்சலோடே சரிவேறிப் போய், அண்ணன் நீட்டிய கயிற்றைப் பிடுங்கி, சரிவுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தார்.