இருபது நிமிஷம் தண்ணீர்

நாச்சிமுத்து இறந்துவிட்டார் என்று சிஸ்டர் வந்து சொன்னபோது, நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த ஒருவரின் வெந்த கையில் பற்பசை அப்பியிருந்தது. பக்குவமாகத் துடைத்தெடுக்க ஆளில்லை. "சொல்லாம கொள்ளாம லீவு போட்டுட்டாரே மனுஷன்!" என்று அப்போதுதான் கத்தியிருந்தேன். விடியற்காலையில் மாரடைப்பாம்.

எங்கள் கோவை மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் ஸ்கேனரை இயக்கியவர் அவர். தோலுக்கடியில் ரத்தம் ஓடுகிறதா என்று காயத்தைத் தொடாமலே லேசர் ஒளியால் படம் பிடிக்கும் கருவி அது. சிவப்பாகத் தெரிந்தால் தானே ஆறிவிடும். நீலமென்றால் ஆழமான காயம். வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும்.

நான் அறுவை மருத்துவராகச் சேர்ந்த புதிதில், வெல்லப்பாகு கொட்டிய ஒரு சிறுமியைப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து மூன்றாம் நாள் கொண்டுவந்தார்கள். தொடை முழுக்க மஞ்சள் பற்று. அவசரமாகக் கழுவி எடுத்த படம் ஒரே நீலம். "நாளைக்கே ஆபரேஷன்" என்றேன். நாச்சிமுத்து படத்தைத் தரவே மறுத்துவிட்டார்.

"இது தோலோட படம் இல்லீங்க டாக்டரம்மா, மஞ்சளோட படமுங்க. ஒரு மணி நேரம் குடுங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவரோ ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, "அழுவாத கண்ணு, முடிஞ்சுதுங்க அம்மணி" என்று கொஞ்சியபடியே துடைத்தார். மறுபடி எடுத்த படம் பெரும்பாலும் சிவப்பு. கத்தி படாமலே அவள் வீடு போய்ச் சேர்ந்தாள்.

"எதையும் பூசாதீங்க. இருபது நிமிசம் கொழாத்தண்ணி, அவ்வளவுதானுங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். யார் கேட்டார்கள்? பற்பசை, தோசை மாவு, பேனா மை என்று பூசிக்கொண்டு வந்தபடியே இருந்தார்கள். "நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசறேன்?" என்று என்னிடம் வந்து பொருமுவார்.

சரவணம்பட்டியில் அவர் வீட்டுக்கு நான் போனபோது, எடுக்கிற நேரம். வந்தவர்களுக்கு வைத்திருந்த டீ கேன் சரிந்து, கொதிக்கக் கொதிக்க அவர் மகளின் கையில் கொட்டியது. "பேஸ்ட் கொண்டாங்க!" என்று ஓடினார் அவருடைய சொந்தத் தம்பி. அந்த வீட்டிலேயே!

"எதையும் பூசாதீங்க!" இழவு வீடென்றும் பாராமல் கத்திவிட்டேன். அந்தப் பெண்ணை இழுத்துப்போய் வாசல் குழாயைத் திறந்து, கொட்டும் தண்ணீரில் அவள் கையைப் பிடித்தேன்.

"நேரமாவுதுங்களே, எடுத்தரலாமுங்களா?" என்றார் ஒரு பெரியவர்.

"இருபது நிமிஷம் ஆகட்டும்" என்றேன்.

அவர் முகம் சுளித்தார். "பொறுங்க மாமா. எங்கப்பா இருந்தாலும் உடமாட்டாருங்க" என்றாள் மகள், அழுகையோடு.

பாடை தூக்க வந்தவர்கள் கைகட்டி நின்றார்கள். உயிரோடு இருந்தவரை யாரும் காதில் போட்டுக்கொள்ளாத அந்த இருபது நிமிஷத்துக்கு, அன்று அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார்.

போய் வாருங்கள், நாச்சிமுத்து. உங்கள் மகள் கையில் எதையும் பூசவிடவில்லை.