மூன்று பேரும் ஒரு கல்லும்

பேய் என்றால் நடுச்சாமம் வேண்டும், சுடலை வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நடந்தது நடந்ததுதான். ஜெயதீபனுக்கு இது நடந்தது ஒரு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை, கண் கூசுகிற காலை வெயிலில். இதில் வரும் நேரங்களில் பெரும்பாலானவை அன்று அவன் தன் கையால் படகின் குறிப்புப் புத்தகத்தில் எழுதியவை. துறைமுகத்தின் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் ஒன்று. அவ்வளவு போதும்.

ஜெயதீபன் கொக்குவில்காரன். அதிகம் கதைக்காதவன். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் தேநீர் ஆறிவிடும் என்று அவன் மனைவி வித்தியா சொல்வாள். அப்படிப்பட்டவனுக்குக் கடலில் ஒரு பைத்தியம். திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன முப்பத்துநான்கு அடிப் பாய்ப்படகை வாங்கி வந்து, இரண்டு வருடமாக அதைப் பெருங்கடலுக்குத் தயார்செய்தான். அந்தமான் கடலைத் தாண்டி மலேசியா வரை போவது திட்டம். போகப்போவது மூன்று பேர். அவன், வித்தியா, அவள் தம்பி மயூரதன்.

கடைசி மூன்று வாரமும் மூவரும் படகிலேயே குடியிருந்தார்கள். இருநூறு லீற்றர் தண்ணீர்த் தாங்கி, கூரையில் இரண்டு சூரியத் தகடுகள், வானொலி, எல்லாம் பூட்டியாயிற்று. வித்தியா ஒடியல் மாவும் கருவாடும் வறுத்த அரிசிமாவும் ஈரம் புகாத டப்பாக்களில் அடைத்து, ஒவ்வொன்றுக்கும் நாள் எழுதி ஒட்டினாள். அலை அடிக்கும்போது திறந்துவிடாதபடி குசினி இழுப்பறைகளுக்குக் கொளுக்கி போட்டாள். படகின் பின்புறத்தில் ஒரு கருவி. காற்றின் திசையைப் பார்த்துத் தானே சுக்கான் பிடிக்கும். இரவில் ஆள் தூங்கினாலும் படகு போய்க்கொண்டேயிருக்கும். ஜெயதீபனுக்கு அதில்தான் பெருமை. மேல்தட்டில் நடப்பவர் இடுப்பில் கயிறு மாட்டி, மறுமுனைக் கொளுக்கியைப் படகில் மாட்ட வேண்டும் என்பது அவன் வைத்த சட்டம்.

இரண்டு குறை இருந்தது. ஆபத்துக்குக் கொளுத்தும் வெடிகள் கொழும்பிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. மற்றது டீசல். எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் வரிசையில் நின்று பிளாஸ்டிக் கான்களில் சேர்த்த டீசல், வீட்டுக் கொட்டிலில் அப்படியே கிடந்தது. வீணாக்க மனமில்லாமல் அதையே தாங்கியில் ஊற்றினான்.

"ஒருநாள் ஓட்டம்தானே," என்றான்.

அன்று பரீட்சை ஓட்டம். விடியற்காலை கயிறு அவிழ்க்கிற நேரத்தில் வித்தியா நின்றுவிட்டாள்.

"இஞ்சருங்கோ... மூண்டு பேராப் போறம்."

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது. போகத்தான் வேண்டுமென்றால் ஒரு கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லோடு நாலு. எத்தனை பெண்பார்ப்புக்கு, எத்தனை வழக்குக்குக் கல் போயிருக்கிறது.

இறங்குதுறையின் ஓரத்தில், இடிந்த வீடுகளின் சிதைவுகளை அலை உருட்டி விளையாடும் இடத்தில், வித்தியா ஒரு கல்லைப் பொறுக்கினாள். கைக்குள் அடங்கும் அளவு. ஒரு பக்கத்தில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதைப் பாய்மரத்துக்கு முன்னால் வைத்தாள்.

மயூரதன் சிரித்தான். "வாருங்கோ நாலாமாள். அக்கா, உவருக்கும் ஒரு மிதவை அங்கி போட்டுவிடு."

"உனக்கு எல்லாம் பகிடிதான்."

"இல்லையக்கா, நல்ல மனிசன். கதைக்கிறேல்லை, சிரிக்கிறேல்லை. அப்பிடியே அத்தான்."

ஜெயதீபனும் சிரித்தான்.

காலை 5:50. துறைமுக வாயிலில் காவல் சாவடி. போகிறவர்களின் எண்ணிக்கையை எழுதி, வரும்போது சரிபார்ப்பார்கள். சாவடிக்காரர் சிங்களவர், இளவயது. மேட்டில் நின்றபடி விரலை நீட்டி எண்ணினார்.

"நாலு பேர். சரி, போங்க."

ஜெயதீபன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். திருத்தப்போனால் இறங்கவேண்டும், படிவம் புதிதாக நிரப்பவேண்டும், அதற்குள் காற்று விழுந்துவிடும். தாங்கள் கல்லைப் பற்றிக் கதைத்தது அவர் காதில் விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். படகுக்கும் மேட்டுக்கும் இடையில் ஐம்பது அடி இருந்தது.

இன்றுவரை அவன் அந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறான். ஒரு வார்த்தை. அதைச் சொல்லவில்லை.

கிழக்கிலிருந்து மெல்லிய கொண்டல் காற்று. படகு நன்றாக ஓடியது. கரை ஒரு பச்சைக் கோடாகி, பிறகு கோடும் கரைந்தது. கைபேசி சிக்னலின் கடைசிக் கம்பியும் போயிற்று.

7:30. குறிப்புப் புத்தகத்தில் காற்று, திசை, வேகம் எழுதினான். கடைசிக் கட்டத்தில் 'ஆட்கள்' என்று இருக்கும். 4 என்று எழுதியிருந்தான். கவனித்து வெட்டி 3 என்று போட்டான்.

8:40. வித்தியா கீழேயிருந்து தேநீர் கொண்டுவந்தாள். தட்டில் நாலு கோப்பை.

"ஆருக்கு மற்றது?" என்று கேட்டான்.

அவள் தட்டைப் பார்த்தாள். கோப்பைகளை எண்ணினாள். "தெரியேல்லை," என்றாள்.

செம்மஞ்சள் மிதவை அங்கியோடு படகின் முன்முனையில், அணியத்தில் இருந்த மயூரதன் பின்னால் வந்தான். அன்றைக்கு முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அத்தான், இப்ப முன்னுக்கு வந்தனீங்களே?"

"இல்லை."

"ஆரோ தோளிலை கை வைச்ச மாதிரி... ஈரக் கை."

"அலை தெறிச்சிருக்கும்."

மயூரதன் கடலைப் பார்த்தான். எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஓர் அலையும் இல்லை. தேநீரைக் குடித்துவிட்டு, இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு மறுபடி அணியத்துக்குப் போனான். நேரம் 9:10.

அவன் குரலை அவர்கள் கேட்டது அதுதான் கடைசி.

9:30. ஜெயதீபன் சுக்கான் கருவியைத் திருத்திக்கொண்டிருந்தான். இடையில் ஒருமுறை தலையை நிமிர்த்தினான். பாயின் கீழ்விளிம்புக்கு அப்பால் செம்மஞ்சள் நிறம் தெரிந்தது. மயூ இருக்கிறான்.

10:00. வித்தியா எட்டிப் பார்த்தாள். செம்மஞ்சள் நிறம். தம்பி இருக்கிறான்.

10:20. காற்று விழுந்தது. பாய் ஒருமுறை அடித்து, சுருங்கித் தொங்கியது. அப்போதும் அணியத்தில் ஒருவன் நின்றான். முதுகு காட்டி. அசையாமல்.

"மயூ, பாயை இறக்கு," என்றான் ஜெயதீபன்.

நின்றவன் திரும்பவில்லை.

"மயூ..."

வித்தியா கீழேயிருந்து தலையை நீட்டினாள். "ஏன் அவன் அங்கியைக் கழட்டினவன்?"

அப்போதுதான் ஜெயதீபன் சரியாகப் பார்த்தான். நின்றவனிடம் செம்மஞ்சள் அங்கி இல்லை. வெள்ளைச் சட்டை. முதுகோடு ஒட்டியிருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

தொங்கிய பாய் ஒருமுறை ஆடி மறைத்தது. விலகியது.

அணியத்தில் யாரும் இல்லை.

ஓடினான். இடுப்புக் கயிறு தட்டின்மேல் கிடந்தது. ஒரு முனை படகில் மாட்டியபடி. இடுப்பில் மாட்டும் கொளுக்கி... பூட்டியபடி. அறுந்திருக்கவில்லை. கழன்றிருக்கவில்லை. ஆள் மட்டும் இல்லை.

பக்கத்தில் கல். வெயிலில் தட்டு முழுவதும் காய்ந்து வெளுத்திருந்தது. கல் மட்டும் நனைந்திருந்தது.

வித்தியா படகைச் சுற்றி வந்தாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். பிறகு ஜெயதீபனின் முகத்தைப் பார்த்தாள்.

"எப்ப விழுந்தவன்?"

அதுதான் கேள்வி. 9:10க்கும் 10:20க்கும் இடையில் எப்போதும் இருக்கலாம். இடையில் கண்ட செம்மஞ்சள் நிறம் அவன்தானா என்று இனிச் சொல்ல முடியாது. அந்த எழுபது நிமிடமும் படகு ஓடியது. ஆள் பிடிக்கத் தேவையில்லாத சுக்கான். விழுந்தவனுக்காக அது நிற்காது. கணக்குக் குறைந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். குறையவில்லை. யாரோ அவனுடைய இடத்தில் நின்று கணக்கை நிரப்பியிருந்தார்கள்.

இயந்திரத்தை முடுக்கினான். இருமியது. நின்றது. வடிகட்டியைக் கழற்றினான். உள்ளே கறுப்புக் களி. பழைய டீசல். துடைத்துப் போட்டான். இருமியது. நின்றது. மறுபடி... மறுபடி...

பின்னால், நான்கு மைலுக்குள் எங்கேயோ ஓர் உயிர் மிதந்துகொண்டிருந்தது. இவர்கள் கண்ணாடித் தட்டில் ஒட்டிய ஈ மாதிரி நின்றார்கள்.

வித்தியா தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் தண்ணீரில் வழுக்கிப் போனது. எதிரொலிகூட இல்லை.

11:55. தூரத்தில் ஒரு காவல் படகு. ஒரு மைல் இருக்கும். ஜெயதீபன் வானொலியைப் பிடித்தான்.

"ஒருத்தர் கடலிலை விழுந்திட்டார். உதவி வேணும். எங்களாலை அசைய ஏலாது."

இரைச்சல். பிறகு ஒரு குரல்.

"எத்தனை பேர் வந்தது?"

"மூண்டு பேர்."

"சாவடிப் புத்தகத்தில நாலு பேர்."

"இல்லை... மூண்டு. இப்ப ரெண்டு பேர்தான் இருக்கிறம்."

காவல் படகில் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"நாலு பேரும் தெரியுது. பின்னால ரெண்டு. முன்னால ரெண்டு. இது விளையாட்டு இல்ல."

ஜெயதீபன் மெதுவாக அணியத்தின் பக்கம் திரும்பினான்.

யாரும் இல்லை. வெயில். கயிறு. கல்.

"முன்னாலை ஒருத்தரும் இல்லை... ஐயா... ஒருத்தரும் இல்லை..."

வானொலி இரைந்தது. காவல் படகு சிறுத்தது. புள்ளியானது. போயிற்று.

12:15. வித்தியா கல்லை எடுத்தாள். ஐஸ்போலக் குளிர்ந்தது. கடலில் எறியக் கையை ஓங்கினாள். தம்பி இருக்கிற கடல். எறிய முடியவில்லை. குசினியில் தொங்கிய நீலக் கட்டம் போட்ட துவாயில் சுற்றினாள். இரட்டை முடிச்சுப் போட்டாள். இழுப்பறையில் வைத்துக் கொளுக்கியை மாட்டினாள்.

பிறகு இருவரும் கீழே குசினியில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மேல்தட்டில், இவர்கள் தலைக்கு நேர்மேலே, ஒருமுறை காலடி கேட்டது. நின்றது. பிறகு இன்னொரு காலடி. முதலாவதற்குப் பக்கத்தில்.

இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

1:40க்குக் காற்று பலமாக வந்தது. வந்த வழியே மயூவின் பெயரைக் கத்தியபடி திரும்பினார்கள். கடலில் ஒன்றும் இல்லை.

5:35. படகைக் கட்டியதும் ஜெயதீபன் சாவடிக்கு ஓடினான். மாலைக் காவலுக்கு வேறொருவர். வயதானவர், நல்லவர். பொறுமையாகக் கேட்டார். பிறகு புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். போனது 4. வந்தது 4.

"எழுதினது நான்தான். உங்க ஆக்கள் ரெண்டு பேர் உங்களுக்கு முன்னால இறங்கிப் போனாங்க. நல்லா நனைஞ்சிருந்தாங்க."

"என்ன மாதிரி ஆக்கள்?"

"ஒருத்தர் வெள்ளைச் சட்டை. மத்தவர் செம்மஞ்சள் அங்கி, சின்னப் பொடியன். நடக்கத் தெரியாத ஆள் மாதிரி இருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார்."

சீமெந்துத் தரையில் ஈரக் காலடிகள். இரண்டு சோடி. வாயிலைத் தாண்டி வீதிவரை. ஜெயதீபன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து மறைந்தன.

வந்து சேர்ந்தவனை யார் கடலில் தேடுவார்கள்? வீட்டில் பாருங்கள், சிநேகிதர் வீடுகளில் விசாரியுங்கள் என்று சாவடியில் சொன்னார்கள். இருட்டிவிட்டது. மறுநாள் காலையில்தான், தெரிந்த மீனவர்கள் ஆறு படகில் போனார்கள். ஓர் இரவு முழுதும் போயிருந்தது.

அன்றிரவு வித்தியா குசினி இழுப்பறையைப் பார்த்தாள். கொளுக்கி மாட்டியபடியே இருந்தது. உள்ளே கொஞ்சம் கடல்தண்ணீர். கல் இல்லை. துவாயும் இல்லை.

நாலாம் நாள் கிழக்கே ஒரு கரைவலையில் மயூரதன் வந்தான். அடையாளம் சொல்ல ஜெயதீபன்தான் போனான். செம்மஞ்சள் அங்கி பூட்டியிருந்தது. முகத்தைப் பற்றி அவன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அங்கியில் இருந்தால் ஆள் மிதக்க வேண்டும். இவன் அடியில் கிடந்து வலையோடு வந்ததாக வலைக்காரர்கள் சொன்னார்கள். பிணம் பாரமாக இருந்ததாம். அவ்வளவு பாரம் ஏன் என்று தெரியவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் அவனுடைய பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கைபேசி. வீட்டுத் திறப்பு, சாவி வளையத்தோடு. பிறகு, அங்கிக்கு உள்ளே நெஞ்சோடு சேர்ந்திருந்தது என்று சொல்லி, ஒரு சிறு பொட்டலம்.

நீலக் கட்டம் போட்ட துவாய். வித்தியா பகல் 12:15க்குப் போட்ட அதே இரட்டை முடிச்சு.

அவிழ்க்கப்படவேயில்லை.