சட்டை என்ன கலர்?

என் அண்ணியைச் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர்களில் முதல் ஆள் என் சொந்த அண்ணன். "போனை எடுக்கிறா, வைக்கிறா. இதுல களைப்பு எங்கேருந்து வருது?" என்பான். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அண்ணி சமையலறையில் ஒரு முக்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். என்ன கேட்டாலும் பதில் வராது. "ஊரே பேசினா கேக்கிறா, நான் பேசினா மட்டும் காது அடைச்சுக்குது" என்று அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டுவான்.

லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார் அல்லவா, அந்தக் குரல் வந்து சேருமிடம் எங்கள் அறை. எனக்கும் அண்ணிக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. என்னை அங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். லிஃப்ட்டுக்குள்ளிருந்து வருகிற குரலெல்லாம் தகர டப்பாவுக்குள் பேசுவது மாதிரிதான் இருக்கும். ஒருவருக்குப் பல் இல்லை. ஒருவர் இப்போதுதான் நம் மொழியைக் கற்றுக்கொண்டு வருகிறார். ஒருத்தி அழுகிறாள், இன்னொருவர் பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறார். ஒருவர் பேச்சுக்குக் காது பழகுவதற்குள் அவர் போய் அடுத்தவர் வந்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். செய்து பார்த்தால்தான் தெரியும், மண்டை எப்படிக் காய்கிறதென்று.

அண்ணி இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று எடுத்த எடுப்பில் கேட்க மாட்டாள். "பயப்படாதீங்க, நான் இருக்கேன். சட்டை என்ன கலர்?" என்பாள். சேர்ந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிக்காதே. கலர்ல மிஞ்சிப்போனா பத்து இருக்குமா? எப்படிச் சொன்னாலும் புரிஞ்சிடும். அதை வச்சே அந்த ஆள் பேசுற தினுசைப் புடிச்சுக்குவேன். அப்புறம் அட்ரஸ் சொன்னா தடுமாற மாட்டேன்" என்றாள்.

பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வாள். அதற்குள் வருகிற அழைப்பை நான் எடுத்துவிடுவேன்.

புதிதாக வந்த மேலாளர் பதிவான பேச்சையெல்லாம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். எல்லோர் முன்னாலும் அண்ணியை நிற்க வைத்துக் கேட்டார்: "இங்க என்ன துணிக்கடையா நடக்குது?"

அண்ணி பொறுமையாகத்தான் விளக்கினாள். கடைசியில், "ஒவ்வொரு குரலுக்கும் மாறி மாறித் தலை கனத்துப் போகுது சார். நடுவுல கொஞ்சம் இடைவெளி வேணும்" என்றாள். அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"முடியலன்னா நேராச் சொல்லுங்களேன்மா. ஸ்டோர் ரூமுக்கு மாத்திடறேன். அதே சம்பளம். அங்க பேச ஆளே கிடையாது, நிம்மதியா இருக்கலாம். இல்ல, இங்கதான் இருப்பேன்னா சட்டைக் கேள்வியும் கூடாது, கண்ணை மூடறதும் கூடாது. நாளைக்கு முடிவு சொல்லுங்க."

என்ன தாராள மனசு பாருங்கள்!

அன்று மாலை விஷயம் தெரிந்ததும் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "ஒத்துக்கோ. வீட்டுக்கு வந்து என்கூடவாவது நாலு வார்த்தை பேசுவே" என்றான்.

அண்ணி சுவரிலிருந்து திரும்பினாள். "கஷ்டமா இருக்குன்னுதான் சொன்னேன். முடியலன்னு எப்போ சொன்னேன்? நீங்க மூட்டை தூக்கிட்டு வந்து இடுப்பு வலிக்குதுன்னா, வேலையை விடுங்கன்னா சொல்றேன்? தைலம் தேய்ச்சு விடறேன்ல? எனக்கு வலிக்கிற இடம் வெளியே தெரியல, அவ்வளவுதான்."

அண்ணன் எழுந்து போய் டிவியை அணைத்தான்.

மறுநாள் மேலாளர் மாற்றல் உத்தரவைக் கையோடு அடித்தே கொண்டு வந்துவிட்டார். "என்னம்மா முடிவு?" என்று கேட்டபோதே சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணி எடுத்தாள். மேலாளர் மேஜை ஸ்பீக்கரைப் போட்டார். வயதான ஆண் குரல். பக்கவாதம் வந்து வாய் கோணியவர் போல, ஒரு சொல்லும் உருவாக வரவில்லை. மேலாளர் மேஜையில் ஒட்டியிருந்த கேள்விப் பட்டியலில் முதல் கேள்வியை விரலால் தட்டிக் காட்டினார். அண்ணி அந்த விரலைப் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள்.

"பயப்படாதீங்க ஐயா, நான் இருக்கேன். சட்டை என்ன கலர்?"

போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். அந்தப் பக்கம் அவர் மெதுவாக ஏதோ சொன்னார். இன்னொரு முறை சொன்னார். "பச்சையில கட்டம் போட்டதா? எடுப்பாத்தான் இருக்கும்" என்று அண்ணி சிரித்தாள். பிறகு கட்டடம், மாடி எல்லாம் கேட்டாள், ஆளை அனுப்பினாள், கதவு திறக்கும்வரை அவரோடு பேசிக்கொண்டே இருந்தாள். வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதைத்தானே கூடாதுன்னு..." என்று மேலாளர் ஆரம்பித்தார்.

அண்ணி கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். "கொஞ்சம் இருங்க சார். இன்னும் அந்த ஐயா பேச்சுக்குள்ளதான் இருக்கேன். உங்க பேச்சுக்கு வர நேரமாகும்."

அடுத்த விளக்கு எரிந்தது, நான் எடுத்தேன். என் ஆளோடு பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். மேலாளர் மாற்றல் உத்தரவும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அண்ணி கண்ணைத் திறந்தாள். நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

"இப்போ வந்துட்டேன், சொல்லுங்க சார். ஸ்டோருக்குப் போக மாட்டேன். கேள்வியை விட மாட்டேன். கண்ணையும் மூடத்தான் செய்வேன். வேற என்ன?"

மேலாளர் மாற்றல் உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.