பாக்கியம் அக்கா கட்டிய மறைப்பு

நுவரெலியாச் சந்தையில் லீக்ஸுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பாக்கியம் அக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க சித்தி. தூக்கத்துலயே." எடுத்த லீக்ஸைப் போட்டுவிட்டு அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் அழுகை, இடையில் ஒருமுறை சிரிப்பும் வந்துவிட்டது. அவரை நினைக்க இங்கே கூடியிருக்கிற உங்களுக்கு அது புரியும்.

நாங்கள் பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். அக்கா இளமையில் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர், வெயில் ஆளை என்ன செய்யும் என்று பார்த்தவர். நாங்களோ வெயில் கொழும்புக்காரர்களின் தலைவலி என்று இருந்தவர்கள். காலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை மத்தியானத்திலும் கழற்றமாட்டோம். பனிக்கும் முள்ளுக்கும் இடுப்பில் சுற்றிய தடித்த படங்குத் துணி வேறு. தண்ணீரும் குடிக்கமாட்டோம். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே, மலையில் ஏது? "அடக்கி வச்சிருக்கவளுக்கு மெடலா குடுக்குறாங்க?" என்று அக்கா திட்டுவார். சிரித்துவிட்டு மறுபடியும் அடக்கிக்கொள்வோம்.

மழையே இல்லாத ஒரு மாசியில் எனக்குத் தலை விண்விண்ணென்று வலித்தது, குமட்டியது. அதன்பிறகு நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கொழுந்து நிறுக்க வந்த கங்காணி ஐயாவிடம், "நீ போயி அடுப்பப் பத்த வையி, நான் வர்றேன்" என்றேனாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அவ இப்பிடிப் பேசுறவ இல்ல" என்று ஓடிவந்து என் கழுத்தைத் தொட்டிருக்கிறார். அனலாகக் கொதித்ததாம். அதற்குள் நான் சரிந்துவிட்டேன்.

காய்ச்சல் என்று யாரோ சாக்கைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். "அவிச்சே கொல்லப் போறீங்களா?" என்று அக்கா அதைப் பிடுங்கி எறிந்தார். படங்கையும் ஸ்வெட்டரையும் அவிழ்த்து, நிழலுக்கு இழுத்துப்போய், ஓடைத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றினார். தேத்தண்ணியோடு வந்தவளையும் விடவில்லை. "நெனவு இல்லாதவ வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுல ஏறிரும். லொறியக் கூப்புடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" லொறி வரும்வரை என்னை நனைத்து நனைத்து விசிறிக்கொண்டே இருந்தாராம். அதனால்தான் உயிர் தங்கியது என்று டொக்டர் சொன்னார்.

நான் வேலைக்குத் திரும்பியபோது, சவுக்கு மரங்களுக்கு நடுவே பழைய படங்குகளால் அக்கா கட்டிய ஒரு மறைப்பு நின்றது. உள்ளே குழி, ஒரு வாளி, ஒரு குவளை.

"இது என்ன கூத்து?" என்றார் கங்காணி.

"கூத்து இல்லீங்க ஐயா, கக்கூஸு. இனிமே இவளுக தண்ணி குடிப்பாளுக."

கங்காணி தலையைச் சொறிந்துகொண்டு போனார். மறுநாள் நாலு கம்பும் தகரமும் அனுப்பினார். அன்றிலிருந்து வெயில் ஏறினால் அக்காவின் நிரையிலிருந்து "தண்ணி!" என்று ஒரு சத்தம் வரும். பறிக்கிற கைகளெல்லாம் நின்று போத்தலைத் தேடும். மறைப்புக்குப் போகிறவளுக்கு வழியனுப்புக் கேலி வேறு. வேலைக்கு நடுவே அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் முன்பு இருந்ததில்லை.

அக்காவைத் தூக்குகிற அன்றும் நல்ல வெயில். லயத்து வீட்டு வாசலில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றோம். காலையிலிருந்து எதுவும் குடிக்காத மகள், உதடு வெடித்து, தூணைப் பிடித்தபடி தள்ளாடினாள். வேறு யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கிறவர்தான் படுத்திருந்தாரே.

"தண்ணி!" என்று கத்தினேன். அக்கா கத்துகிற அதே கத்தல். அழுதுகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பழக்கத்தில் போத்தலைத் தேடினார்கள்.

அக்கா, உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சத்தத்தைத்தான். முதலில் குடித்தது உங்கள் மகள்.