தண்ணி கேட்டு நின்ன வாசல்

போன பங்குனியில ஒரு ஞாயித்துக்கெழம நடந்துது இது. விருத்தாசலத்துலேருந்து காலைல கார்ல கெளம்பி, ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்பு, வீராணம் ஏரின்னு சுத்திட்டு, பொழுது சாய வூடு திரும்பறதா ஏற்பாடு. ஏற்பாடு என்னுது இல்ல. அத மொதல்லயே சொல்லிடறேன்.

எல்லாம் என் கொழுந்தனாரு பண்ண வேலை. மெட்ராஸ்ல இருக்காரு, லீவுக்கு வந்திருந்தாரு. சனிக்கெழம ராத்திரி செல்லுல ஏதோ வீடியோ பாத்துட்டு, "அண்ணி, உங்க ஊரச் சுத்தி எவ்ளோ எடம் இருக்குது தெரியுமா? பக்கத்துலயே இருந்துக்கிட்டு சண்டேவ எல்லாம் வேஸ்ட் பண்றீங்க"ன்னு ஆரம்பிச்சாரு. நான் ஒரு பீங்கான் யூனிட்ல பொம்மைக்குக் கலர் அடிக்கிறவ. வாரம் பூரா குனிஞ்ச தல நிமிராம கிளிக்கு மூக்கும் புள்ளையாருக்குக் கண்ணும் வெச்சிட்டு, ஞாயித்துக்கெழமதான் ஒரு மணி நேரம் கால நீட்டிப் படுப்பேன். அத வேஸ்ட் பண்றேனாம். வந்துது பாருங்க எனக்கு!

ஆனா எங்க வூட்டுக்காரருக்குத் தம்பி சொல்லிட்டா அதுக்கு மறுபேச்சு கெடையாது. காலேஜ் படிக்கிற எங்க பொண்ணும் "போலாம்மா"ன்னுச்சி. அப்புறம் என்னா, புளிசாதம் கிண்டு, உருளக்கெழங்கு வறு, தயிர்சாதம் தாளி. ஊரப் பாக்கப் போறவங்க எல்லாம் தூங்க, நான் மட்டும் விடியக்காலம் அடுப்புகிட்ட நின்னேன்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். ஆம்பளைங்க டூர் கெளம்புனா, என்னென்ன எடம் பாக்கலாம்னு யோசிப்பாங்க. பொம்பளைங்க நாம, எந்த எடத்துல ஒதுங்கலாம்னுதான் யோசிப்போம். முன்னல்லாம் அதுக்கு என் வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான்: கெளம்பற அன்னிக்குக் காலைலேருந்து தண்ணியே குடிக்காம இருக்கறது. என் பொண்ணுக்கும் அதைத்தான் சொல்லி வளத்தேன். அதோட பலன் போன வருஷம் தெரிஞ்சுது. யூரின் இன்ஃபெக்‌ஷன் ஆயி, குளிர் ஜுரத்துல ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட, ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தேன். "இனிமே தண்ணி குடிக்காம இருக்கக் கூடாது, வந்தா அடக்கவும் கூடாது. அடுத்த வாட்டி கிட்னிக்குப் போயிடும்"னு டாக்டரம்மா கண்டிச்சு அனுப்பினாங்க. அதனால அன்னிக்கு நான் பாட்டில் பாட்டிலா தண்ணி குடிச்சிக்கிட்டேதான் வண்டில உக்காந்தேன். நல்ல புள்ளையா டாக்டர் பேச்சக் கேட்டேன். அதான் வெனையாப் போச்சு.

ஸ்ரீமுஷ்ணத்துல சாமி கும்பிட்ட வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. வராகப் பெருமாள நல்லா சேவிச்சோம். வெளில வந்ததும், "இங்கயே பாத்ரூம் எங்க இருக்குதுன்னு கேட்டுப் போயிட்டு வந்துடறேன்"னேன். கொழுந்தனாரு வாட்ச்ச பாத்தாரு. "அண்ணி, வெயில் ஏறுச்சின்னா அணைக்கட்டுல வீடியோ சரியா வராது. அடுத்த ஸ்பாட்ல பாத்துக்கலாம்." எங்க வூட்டுக்காரரும் வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. அங்கயே நான் நின்ன எடத்துல நின்னுருக்கணும். சரி, நம்மால எதுக்கு லேட்டுன்னு ஏறிட்டேன் பாருங்க, அந்தப் புத்திய என்னான்னு சொல்றது.

அடுத்த ஸ்பாட்டு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. வெள்ளாத்துத் தண்ணி சலசலன்னு ஓடுது. அந்த நேரத்துல அந்தச் சத்தத்தக் கேக்கறது எவ்ளோ கொடுமைன்னு பொம்பளைங்களுக்குத்தான் புரியும். கொழுந்தனாரு கைய நீட்டி நீட்டி செல்லுகிட்ட பேசறாரு. "இயற்கையோட மடியில"ங்கறாரு. நான் காருக்கும் மரத்துக்கும் நடுவுல நடந்துக்கிட்டே இருந்தேன்.

அங்கேருந்து கெளம்பி வழில ஒரு பெட்ரோல் பங்க்குல நிறுத்தச் சொன்னேன். கதவு பூட்டியிருந்துது. சாவி வெச்சிருக்கறவரு சாப்புடப் போயிருக்காராம். வர்ற வரைக்கும் நின்னேன். வந்து தொறந்தா, உள்ள ஆயில் டின்னா அடுக்கி வெச்சிருக்குது, கால் வெக்க எடமில்ல! அப்புறம் டீ குடிக்கற சாக்குல ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். "கை கழுவுற எடந்தாம்மா இருக்குது, லேடீஸுக்கு வசதி இல்ல"ன்னு சொல்லிட்டு, டீ மட்டும் பெரிய கிளாஸ்ல குடுத்தாரு. நாள் பூரா பீங்கான்ல கை வெச்சி வேல செய்யறவ நான். அன்னிக்கு ஒரே ஒரு பீங்கானுக்காக ஊர் ஊரா அலைஞ்சேன்.

வீராணத்துக்குப் போயிச் சேந்தப்ப உச்சி வெயிலு. ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டுன மட்டும் ஏரி, இன்னொரு பக்கம் பள்ளத்துல வயலு, நடுவுல கரைமேல ரோடு. பஸ்ஸும் பைக்கும் போயிக்கிட்டே இருக்குது. ஒளிய ஒரு செவுரு கெடையாது. அண்ணனும் தம்பியும் வண்டிய நிறுத்திட்டு, ரெண்டு பேரும் கரைய வுட்டு எறங்கி, ஒரு பன மரத்துக்கு முதுகக் காட்டி நின்னுட்டு, சிரிச்சிப் பேசிக்கிட்டே ஏறி வந்தாங்க. பத்திக்கிட்டு வந்துது எனக்கு.

"ஏங்க, நீங்க மட்டும் ஆச்சா?"ன்னேன்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா? வூட்லயே போயிட்டு வந்திருக்கலாம்ல?"ன்னாரு எங்க வூட்டுக்காரரு.

"போயிட்டுதாங்க வந்தேன்! அது காலைல! இப்ப மணி என்னா?"

கொழுந்தனாரு நல்லது பண்றதா நெனச்சிக்கிட்டு, "அண்ணி, அந்தாண்ட ஒரு பொதரு இருக்குது பாருங்க"ன்னாரு. அந்தப் பொதருக்குப் பத்தடி தள்ளி ரெண்டு பேரு தூண்டில் போட்டு உக்காந்திருக்காங்க. அவர ஒரு பார்வை பாத்தேன். அவரு செல்லப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு.

அன்னிக்கு சாப்பாடு எறங்குமா? எல்லாருக்கும் போட்டுக் குடுத்தேன். நான் தொடல. என் பொண்ணும் ரெண்டு வாய்க்கு மேல சாப்புடல. எனக்கு இருந்த எரிச்சல்ல, "ஏன், புளிசாதம் புடிக்கலையா மகாராணிக்கு?"ன்னு அதுமேலயும் எரிஞ்சி வுழுந்தேன். அது ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சி. அடிவயிறு கல்லு மாதிரி ஆயிப்போச்சு எனக்கு. இடுப்புல குத்த ஆரம்பிச்சுது. போன வருஷமும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பயம் வந்துடுச்சி.

"இன்னும் ஒரே ஒரு ஸ்பாட் அண்ணி, பறவைங்க வர்ற எடம்"னு அவரு வாயத் தொறந்தப்ப, நான் அடிச்ச சத்தத்துல பறவை எதாவது இருந்திருந்தாலும் ஓடியிருக்கும். "வண்டியத் திருப்புங்க. மொதல்ல எந்த வூடு வருதோ அங்க நிறுத்துங்க!"

கரைய வுட்டு எறங்கி, வயலுக்கு நடுவுல ஒரு சின்ன ஊரு. பேரு கூட பாக்கல. மொத வூட்டு வாசல்ல ஒரு பொண்ணு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், தார்ப்பாய்ல உளுந்துச் செடியப் பரப்பி தடியால அடிச்சிக்கிட்டிருந்தா. நான் எறங்கி வேகமாப் போயி அவ முன்னாடி நின்னேன். நின்னுட்டு, வாயே வரல. முன்ன பின்ன தெரியாத வூட்டுல நின்னுக்கிட்டு இத எப்படிக் கேக்கறது? கடைசில நாக்குல என்னா வந்துது தெரியுமா?

"கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா."

அட கடவுளே! நானேதான் கேட்டேன். தண்ணி கேக்கத்தான் நமக்கெல்லாம் கூச்சம் கெடையாதே, எந்த வாசல்ல வேணா நின்னு கேப்போம். பழக்க தோஷத்துல அதுவே வந்துடுச்சி. அவ தடியக் கீழ போட்டுட்டு உள்ள போயி, ஒரு பெரிய சொம்பு நெறைய, பானைத் தண்ணி கொண்டாந்து நீட்டினா. "குடிங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க."

வாங்கிட்டுக் குடிக்காம இருந்தா என்னா நெனப்பாங்க? குடிச்சேன். ஒவ்வொரு மொடக்கும் எப்படி எறங்குச்சின்னு எனக்குத்தான் தெரியும். கண்ணுல தண்ணி வந்துடுச்சி. பாதி சொம்ப திருப்பிக் குடுத்துட்டு, "போதும்மா"ன்னேன். போதும்னு சொன்னேனே தவிர, அந்த எடத்த வுட்டு நவுரல. கால மாத்தி மாத்தி நின்னுக்கிட்டிருந்தேன்.

அவ என் மூஞ்சியப் பாத்தா. ரோட்ல நின்ன வண்டியப் பாத்தா. அதுல இருந்த ரெண்டு ஆம்பளைங்களப் பாத்தா. அப்புறம் கொரலத் தாழ்த்தி, "தண்ணிக்கு மட்டும்தான் வந்தீங்களாக்கா?"ன்னு கேட்டா.

எனக்கு அழுவையும் சிரிப்பும் ஒண்ணா வந்துது. இல்லன்னு தலையத்தான் ஆட்ட முடிஞ்சுது.

"அத சொல்றதுக்கென்னா! வாங்க இப்படி"ன்னு கையப் புடிச்சி வூட்டுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனா. ஓலைத் தடுப்புக்கு அந்தாண்ட ஒரு சின்ன கக்கூஸு. கொழாயில தண்ணி இல்லன்னு, கை பம்புல அடிச்சி ஒரு பக்கெட்ட அவளே தூக்கியாந்து வெச்சா. மாட்டக் கட்டிக்கிட்டிருந்த அவ புருஷன, "அந்தாண்ட போயி நில்லுய்யா, பொம்பளைங்க வந்திருக்காங்க"ன்னு வெரட்டுனா. "கதவுக்குத் தாப்பா இல்லக்கா. நீங்க போங்க, நான் நிக்கறேன்"னு கதவுக்கு முதுகக் காட்டி நின்னுக்கிட்டா.

நின்னவ சும்மா நிக்கல. சத்தமா பேசிக்கிட்டே இருந்தா. இந்த வாட்டி உளுந்துல பூச்சி வுழுந்துடுச்சி, போன வாட்டி நல்லா காச்சுது, மாடு சினையா இருக்குதுன்னு, நான் பதில் சொல்றனா இல்லையான்னு கூட பாக்காம பேசறா. எதுக்கு இப்படிப் பேசறான்னு மொதல்ல புரியல. உள்ள இருக்கற எனக்குக் கூச்சம் இல்லாம இருக்கட்டும்னு பேசியிருக்கா. நான் பொறந்து வளந்த சொந்தத்துல கூட இப்படி எனக்காக யாரும் யோசிச்சதில்ல.

உசுரு திரும்பி வெளில வந்தா, என் பொண்ணு அங்க நிக்குது. காலேஜ் பையை நெஞ்சோட அணைச்சிப் புடிச்சிக்கிட்டு நிக்குது. மூஞ்சி வெளுத்துப் போயிருக்குது. எப்பவும் பேடு வெச்சிருக்கற பையாச்சே, பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிடுச்சி.

"எப்போடி?"

"காலைலயேம்மா. கோயிலுக்குப் போயிட்டு வந்தப்புறம்."

"ஏன்டி சொல்லல?"

"நீயே கத்திக்கிட்டு இருந்த. நானும் சொன்னா சண்ட பெருசாவும்னுதான். சித்தப்பா வேற இருந்தாரு."

வூட்டுக்காரப் பொண்ணு அதுக்குள்ள புரிஞ்சிக்கிட்டா. உள்ள போயி ஒரு பழைய பேப்பரும் இன்னொரு பக்கெட் தண்ணியும் கொண்டாந்து வெச்சா. "போ கண்ணு, அவசரமில்ல"ன்னா. இந்தத் தடவ கதவுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் நின்னோம். அவ உளுந்தப் பத்திப் பேசினா, நான் பீங்கான் பொம்மையப் பத்திப் பேசினேன். காலைலேருந்து என் கஷ்டத்தையே சொல்லிச் சொல்லி கார்ல எல்லாரையும் வறுத்தெடுத்தேனே, பக்கத்து சீட்ல என் புள்ள வாய மூடிக்கிட்டு அதுக்கு மேல கஷ்டத்துல உக்காந்திருந்ததப் பாக்கலையே! தண்ணி குடிக்காத, அடக்கிக்கோ, ஆம்பளைங்க முன்னாடி சொல்லாதன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தவளே நான்தானே.

கெளம்பறப்ப அவளுக்குக் குடுக்க கைல ஒண்ணும் இல்ல. மிச்சமிருந்த புளிசாத டப்பாவக் குடுத்தேன். அத ஒரு தட்டுல கொட்டிக்கிட்டு, "வெறும் டப்பாவா குடுக்கக் கூடாதுக்கா"ன்னு அடிச்சி வெச்சிருந்த உளுந்துல ரெண்டு கை அள்ளிப் போட்டுக் குடுத்தா. இதுக்குள்ள கொழுந்தனாரு வந்து, "எல்லாரும் ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"ன்னாரு. "ஐய, தல கூட வாரல, போங்க தம்பி!"ன்னு அவ முந்தானைய இழுத்து மூஞ்ச மூடிக்கிட்டா. மொத தடவையா அன்னிக்கு நான் வாய் வுட்டு சிரிச்சேன்.

திரும்பி வர்றப்ப, விருத்தாசலம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி எங்க வூட்டுக்காரரு, "பாப்பாவுக்கு ஒடம்பு முடியலையா?"ன்னு கேட்டாரு. வழக்கமா நான்தான் எதையாவது சொல்லி மழுப்புவேன். அன்னிக்கு உள்ளத உள்ளபடி ரெண்டு பேர் காதுலயும் வுழற மாதிரி சொன்னேன். கொழுந்தனாரு ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே, "சாரி அண்ணி, ஸ்ரீமுஷ்ணத்துலயே நின்னுருக்கலாம்"னாரு. நின்னுருக்கலாம்தான். யாரு நிக்க வுட்டா?

அவரு போட்ட வீடியோல கோயிலு, அணைக்கட்டு, ஏரி எல்லாம் அழகா வந்திருக்குதுன்னு சொல்றாங்க. நான் இன்னும் பாக்கல. அந்த நாள்ல எனக்கு ஞாபகத்துல நிக்கற எடம் ஓலைத் தடுப்புக்குப் பின்னாடி இருந்த அந்தத் தாப்பா இல்லாத கதவுதான். என் பொண்ணு இப்பல்லாம் வண்டில ஏறுனா, "அப்பா, நிறுத்துங்க, எனக்கு பாத்ரூம் போவணும்"னு தெளிவா சொல்லுது. எங்க வூட்டுக்காரரும் மறுபேச்சு பேசாம நிறுத்தறாரு.

எங்க வூட்டுக்கு எதுக்கதான் பஸ் ஸ்டாப்பு. வெயில்ல நிக்கற பொம்பளைங்க அடிக்கடி வந்து தண்ணி கேப்பாங்க. இத்தன வருஷம் சொம்பக் குடுத்துட்டு உள்ள போயிடுவேன். இவங்கள்ல எத்தன பேரு வேற ஒண்ணு கேக்க வந்து, வாய் வராம என்கிட்ட தண்ணியக் குடிச்சிட்டுப் போனாங்களோ தெரியல. இப்பல்லாம் யாரு வந்து தண்ணி கேட்டாலும், சொம்ப எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க மூஞ்சிய ஒரு தடவ நல்லாப் பாக்கறேன்.