நான் நீக்கிய பெயர்

அக்குறணையில் எங்கள் வெள்ள எச்சரிக்கைக் குழுவுக்கு நான்தான் செயலாளர். பாலத்தடியில் குடியிருக்கும் பரீனா, கூட்டத்தில் எந்த முடிவையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார். ஒருநாள் எரிச்சலில், யாரிடமும் கேட்காமல் அவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் விடாத மழை. குழுவில் எச்சரிக்கை ஏதும் வரவில்லை என்ற தைரியத்தில், வீட்டின் ஆற்றுப் பக்க அறையில் மகளைத் தூங்கவிட்டு, வீட்டு முன்புறத்தில் உள்ள எங்கள் கடையில் இருந்தேன். பரீனா நனைந்தபடி ஓடி வந்தார்.

"தம்பி, தண்ணி பாலத்துக்கு மேல வந்திட்டு. குரூப்புல போட ஏலாதே, அதான் ஓடி வந்தேன். புள்ளயத் தூக்குங்க."

உள்ளே ஓடினேன். தண்ணீர் மெத்தையைத் தொட்டிருந்தது. தூக்கம் கலையாத மகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

விளக்கம் கேட்காமல் இப்போது எவரையும் நாங்கள் நீக்குவதில்லை. ஆனாலும் மழை இரைந்தால், குழுவில் நான் மீண்டும் சேர்த்த பரீனாவின் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.